கத்திக்காரன் மகன்

2014-ஆம் ஆண்டு கோடைக்காலம். நெய்வேலி அனல்மின் நிலையத்தில் பாய்லர் பழுதுபார்க்கும் வேலைக்குக் காண்ட்ராக்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வடலூரில் பஸ் மாறி வந்து இறங்கினேன். எனக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். பிறந்த ஊர் அங்கிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். ஆனாலும் அம்மா இறந்த பிறகு அந்தப் பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததில்லை.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனராக இருந்திருக்கிறேன். திருப்பூரில் சாயப்பட்டறையில் நின்றிருக்கிறேன். போர் போடும் வண்டியோடு ஆந்திரா, ஒரிசா, சத்தீஸ்கர் என்று சுற்றியிருக்கிறேன். ஒரு ஊரில் கால் தங்கினால் உடம்பு அரிக்க ஆரம்பித்துவிடும். சாப்பாடு கிடைத்த நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இத்தனை ஊர்களிலும் என்னோடு வந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அப்பாவின் மடக்குக் கத்தி.

அப்பா கலாசி வேலை பார்த்தவர். கனமான இரும்புகளைச் சங்கிலி போட்டுத் தூக்கி, அதன் இடத்தில் அசையாமல் உட்கார வைக்கிற வேலை. நான் சிறுவனாக இருந்தபோது, நிலக்கரி வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரம் ஒன்றைச் சுரங்கத்தில் பொருத்தினார்கள். அதற்காக ஜெர்மனியிலிருந்து சில பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரோடு அப்பாவுக்குச் சிநேகம் ஏற்பட்டது. அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. கையைக் காட்டியும் தலையை ஆட்டியும் நாள் முழுக்க வேலை பார்த்திருக்கிறார்கள். வேலை முடிந்து அவர் தன் ஊருக்குத் திரும்பும்போது இந்தக் கத்தியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். இதெல்லாம் அப்பா வீட்டில் சொன்னது.

சில நாள் கழித்து, ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டில் சோதனை போட்டார்கள். அப்பாவின் இடுப்பிலிருந்து கத்தி வெளியே வந்தது. காண்ட்ராக்டரின் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்கள். ஜெர்மன்காரர் கொடுத்தார் என்று அப்பா சொன்னார். எப்படிக் கொடுத்தார் என்று அவர் விவரித்ததைக் கேட்டு அங்கிருந்தவர்கள் சிரித்தார்களாம். கொடுத்தவரோ விமானம் ஏறிப் போய்விட்டார். புகார் சொல்லவும் ஆளில்லை, சாட்சி சொல்லவும் ஆளில்லை. சூப்பர்வைசர் கத்தியைத் திருப்பி வீசிவிட்டு, நாளையிலிருந்து நீ வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

போலீஸ் வரவில்லை. வழக்கு எதுவும் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு எந்தக் காண்ட்ராக்டரும் அப்பாவைச் சேர்க்கவில்லை. ஊரில் அவருக்குப் பெயர் கத்திக்காரன். வெட்டுகிறவன் என்ற அர்த்தத்தில் அல்ல, அடுத்தவன் பொருளை எடுத்தவன் என்ற அர்த்தத்தில். கொஞ்ச நாள் ஏர் ஓட்டப் போனார், கிணறு வெட்டப் போனார். பிறகு ஒரு மாசி மாதத்தில், வடக்கே நிலக்கரிச் சுரங்கங்களில் கலாசிகளுக்கு வேலை இருக்கிறதாம் என்று சொல்லிக் கிளம்பினார். கத்தியை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை.

அம்மா கடைசிவரை அவர் எடுத்தார் என்றும் சொன்னதில்லை, எடுக்கவில்லை என்றும் சொன்னதில்லை. நடவுக்குப் போய் என்னை வளர்த்தாள். அவள் போன பிறகு கத்தி என்னிடம் வந்தது.

நான் போன ஊர்களில் நிலக்கரி ஊர்கள் நிறைய. எங்கே போனாலும் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் வயதான ஆட்களின் முகத்தை ஒருமுறை பார்த்துவிடுவேன். தேடினேன் என்று சொல்ல முடியாது. தேடுகிறவன் விசாரிப்பான், போட்டோ காட்டுவான். நான் பார்ப்பேன், அவ்வளவுதான்.

நெய்வேலியில் வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார். அப்பாவோடு வேலை பார்த்தவர். வயதாகிவிட்டதால் காண்ட்ராக்டில் சாமான்களுக்குக் காவல் இருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “யார்டானு பாத்துகினே இருந்தேன். நம்ம கத்திக்காரன் மவன்” என்றார். பக்கத்திலிருந்த இளவட்டங்களுக்கு அந்தக் கதை தெரியாது. அவரே சொல்லிக் கொடுத்தார். அதன் பிறகு ஸ்பேனரைக் காணோம் என்றால் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு, கையுறையைக் காணோம் என்றால் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அவர்கள் விளையாட்டாகத்தான் செய்தார்கள். எனக்கு அங்கிருந்து கிளம்பிவிடலாம் என்று தோன்றியது. வழக்கமாக அப்படித்தான் செய்வேன்.

கிளம்பாமல் போனதற்குக் காரணம் ஒரு எலக்ட்ரிகல் ஃபோர்மேன். பெர்மனென்ட் ஊழியர். என் வயதுதான் இருக்கும். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் நான் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அந்த வழியாகப் போனவர், நின்று திரும்பி வந்தார்.

“அத இங்க குடுப்பா, பாக்கலாம்.”

கொடுத்தேன். மூடினார், திறந்தார். காதுக்குப் பக்கத்தில் வைத்து மறுபடி மூடினார். சத்தம் கேட்கிறாராம். அலகின் அடிப்பகுதியில் இருந்த முத்திரையைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார். ஒரு சின்ன மணி, அதற்குக் கீழே தேய்ந்துபோன ஊர்ப்பெயர். இது என்ன கத்தி என்று தெரியுமா என்று கேட்டார். ஜெர்மன் கத்தி என்றேன். அவர் சிரிக்கவில்லை. பழைய கத்திகள் சேர்ப்பது அவருக்குப் பைத்தியமாம். ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸுக்குக் கொண்டு வா, அசலா போலியா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

என் மண்டையில் அந்தச் சொல் போய் உட்கார்ந்துகொண்டது. அசல் என்றால் அப்பா சொன்னது நிஜம். போலி என்றால், எங்கேயோ சந்தையில் வாங்கிவிட்டுக் கதை விட்டிருக்கிறார். இத்தனை வருடம் எனக்கு இப்படி யோசிக்கத் தெரியவில்லை.

காண்ட்ராக்ட் ஆட்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் போவது மரம் வெட்டவும், சாக்கடை அடைப்பு எடுக்கவும்தான். வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், வீட்டுக்கு வீடு பலாவும் மாமரமும். நான் வாசலிலேயே நின்றேன். ஃபோர்மேனின் மனைவி வந்து, உள்ளே வரச்சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தம்மாவுக்கு எங்கள் பக்கத்துக் கிராமம்தான். பேச்சைக் கேட்டதுமே தெரிந்தது.

“ஊர்ல ஆம்பளைங்க ஸ்டாம்பு சேக்கறாங்க, பாட்டு கேசட்டு சேக்கறாங்க. எனக்கு வாச்சவரு கத்தி சேத்துகினு இருக்காருண்ணா. வூட்டுக்கு வர்ற ஒறமொறையெல்லாம் பயந்துகினு காப்பி கூட குடிக்கறதில்ல” என்றார்.

ஃபோர்மேன் அதைக் காதில் வாங்கவில்லை. வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்ஸை மாட்டிக்கொண்டு கத்தியோடு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். பிடியின் இரண்டு பக்கமும் மான்கொம்பு போலச் சொரசொரப்பாக இருக்கும். மான்கொம்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தம்மாவை ஒரு ஊசியை அடுப்பில் காய்ச்சித் தரச் சொன்னார். பிடியின் உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில் ஊசி முனையை வைத்தார். அசல் கொம்பு என்றால் முடி பொசுங்கும் வாடை வருமாம். ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. கற்பூர வாடை வந்தது.

“பிளாஸ்டிக். ஒரு வக பிளாஸ்டிக்ல கற்பூரம் சேப்பாங்க” என்றார். “ஜெர்மனினு முத்திர போட்டு நம்ம ஊர்லயே செஞ்சு விக்கறாங்கப்பா. நானே ரெண்டு தடவ ஏமாந்திருக்கேன்.”

நான் கத்தியை வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று எழுந்தேன். அவரோ கத்தியைக் கீழே வைக்கவில்லை. போலிக்காரர்கள் எல்லா வேலையும் முடிந்த பிறகு முத்திரை குத்துவார்களாம், அதனால் எழுத்தின் ஓரம் பிதுங்கி நிற்குமாம். இதில் ஓரம் சுத்தமாக இருக்கிறது, இரும்பைப் பதப்படுத்துவதற்கு முன்னால் அடித்த முத்திரை என்றார். ஸ்பிரிங்கும் போலிக்காரன் போடுகிற ஸ்பிரிங் இல்லை. ஒன்று சரியாக இருக்கிறது, ஒன்று சரியில்லை. எனக்கே குழப்பமாக இருக்கிறது என்றவர், கத்தியைப் பல பக்கமும் போட்டோ எடுத்தார். வெளிநாட்டில் கத்தி சேர்ப்பவர்கள் சிலரோடு அவருக்குப் போனில் பழக்கம் உண்டு. ஜெர்மனியில் இருக்கும் ஒரு நண்பருக்கு அந்தப் படங்களை அனுப்பினார்.

அந்த ஒரு வாரம் நான் கிளம்பவும் இல்லை, வேலையில் மனசும் இல்லை. பாய்லருக்குள்ளே சாம்பலைச் சுரண்டும்போதெல்லாம் அந்தக் கற்பூர வாடை வந்துகொண்டே இருந்தது.

அடுத்த ஞாயிறு ஃபோர்மேன் வாசலிலேயே நின்றிருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“அசல்தான்பா. சந்தேகமே இல்ல.”

மணி முத்திரை ஒரு சின்னப் பட்டறையுடையதாம். மூடி வெகுகாலம் ஆகிறதாம். பணக்காரர்கள் வேட்டைக்குக் கொண்டுபோகும் கத்திகளுக்கு மான்கொம்பு போடுவார்கள், தொழிலாளர்கள் வாங்கும் கத்திக்குக் கொம்பு மாதிரியே வார்த்த பிளாஸ்டிக் போடுவார்கள் என்று நண்பர் எழுதியிருந்தார். பிடி பிளாஸ்டிக்காக இருப்பதுதான் இது அசல் என்பதற்கே அடையாளமாம். 

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்பா பொய் சொல்லவில்லை. அப்படியே ஓடிப் போய் அந்தக் காவல்காரப் பெரியவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

ஃபோர்மேன் பேச்சை நிறுத்தவில்லை. கத்தியை என்னிடமிருந்து வாங்கி, அலகை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தீட்டித் தீட்டி எவ்வளவு மெலிந்திருக்கிறது பார். நீயோ உன் அப்பாவோ தேய்த்தது மட்டும் இல்லை இது. உன் அப்பாவிடம் வருவதற்கு முன்னாலேயே ஒருத்தன் பல வருடம் தினமும் புழங்கியிருக்கிறான். அன்பளிப்பு கொடுக்க வாங்கி வந்த சாமான் இல்லை இது, இயந்திரம் பொருத்துகிற ஒரு பிட்டர் தன் கையோடு வைத்திருந்த கத்தி என்றார். பிறகு, அவர் பாட்டுக்குச் சொன்னார்:

“வேலக்காரன் தான் புழங்கற கத்திய எவன்யா குடுப்பான்? நான் என் டெஸ்டரக்கூட எவனுக்கும் தர மாட்டேன்.”

அவர் தமாஷாகத்தான் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போலியாக இருந்திருந்தால் அப்பா வெறும் கதை விட்ட ஆள் என்று போயிருக்கும். இது அசல். அதுவும் ஒரு தொழிலாளி விட்டுப் பிரியாத கத்தி. அப்படியென்றால் எடுத்திருக்கத்தான் வேண்டும். ஒரு வாரமாக அசல் அசல் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். நான் வேண்டிக்கொண்டது அப்பா திருடன் என்று தெரிவதற்காகத்தானா?

என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தம்மாதான் என்ன ஆயிற்று என்று கேட்டார். அதுவரை நான் அவர்களிடம் கேட் சமாச்சாரத்தைச் சொல்லியிருக்கவில்லை. அப்பாவுக்கு ஒரு ஜெர்மன்காரர் கொடுத்த கத்தி என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அன்று எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கேட்டில் சொன்ன அந்தக் கதையையும் சொன்னேன். அவர் வீட்டிலும் அதையேதான் சொன்னார், நானே கேட்டிருக்கிறேன். ஜெர்மன்காரர் கத்தியை நீட்டினாராம். அப்பா வாங்கப் போனதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, காசு கொடு என்பதுபோல விரலைத் தேய்த்துக் காட்டினாராம். அப்பா இடுப்பு முடிச்சிலிருந்த சில்லறையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்ட, அதில் ஒரே ஒரு காசை, அதுவும் சின்னக் காசை எடுத்துக்கொண்டு கத்தியைக் கொடுத்தாராம். கேட்டில் எல்லோரும் சிரித்தது இதற்குத்தான். அவ்வளவு சம்பளம் வாங்கும் வெள்ளைக்காரன் உன்னிடம் சில்லறை கேட்டானா என்று சூப்பர்வைசர் கேட்டாராம். பொய் சொல்வதையாவது ஒழுங்காகச் சொல் என்றாராம்.

நான் சொல்லி முடித்தேன். ஃபோர்மேன் கத்தியை மடக்கி மேசைமேல் வைத்தார். அவருக்கும் நம்பிக்கை வரவில்லை என்று தெரிந்தது. அந்தம்மா சமையலறை வாசலில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

“ஏங்க, போன வருசம் ஜெர்மனிக்காரரு உங்களுக்குச் சின்னதா ஒரு கத்தி அனுப்பினாரே. அதுல ஒரு காசு ஒட்டிகினு வந்துதே.”

ஆமாம், அதற்கென்ன என்றார் ஃபோர்மேன்.

“அத திருப்பி அனுப்புனு அவரு சொன்னாருனு நீங்கதான சொன்னீங்க. என்னா தமாஷ் பண்றான் இவன்னு சிரிச்சீங்க.”

அந்தம்மா உள்ளே போய்த் தையல் மெஷின் டிராயரைத் திறந்து அந்தக் காசை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். செம்பு நிறத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்தது. வெளிநாட்டுக் காசாயிற்றே என்று எடுத்து வைத்தாராம். ஃபோர்மேன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனை எடுத்தார். கத்திக்கு எதற்குக் காசு என்று அந்த நண்பருக்கு எழுதிக் கேட்டார்.

பதில் உடனே வரவில்லை. அந்தம்மா எனக்குச் சோறு போட்டார். கருவாட்டுக் குழம்பு. நான் என்ன சாப்பிட்டேன் என்றே தெரியவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது போனில் பதில் வந்த சத்தம் கேட்டது. ஃபோர்மேன் நின்றபடியே ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். எங்கள் ஊரில் யாருக்கும் கத்தியைச் சும்மா கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அது சிநேகத்தை அறுத்துவிடும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அதனால் வாங்குகிறவரிடம் ஒரு காசு வாங்கிக்கொள்வோம். அப்படிச் செய்தால் அது அன்பளிப்பு ஆகாது, விலைக்கு விற்றது ஆகிவிடும், சிநேகம் நிலைக்கும். தபாலில் அனுப்பும்போது நானே ஒரு காசை ஒட்டி அனுப்புவேன், வாங்கியவர் அதைத் திருப்பித் தர வேண்டும். நீ இன்னும் தரவில்லை. நான் காத்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான் பதில்.

“கேட்டுகினீங்களா? ஒரு வருசமா அந்த மனுசனோட சிநேகத்த அறுத்து வச்சிருக்கீங்க” என்றார் அந்தம்மா. அவர் சிரிக்கத்தான் பார்த்தார். குரல் வேறு மாதிரி வந்தது.

நான் திகைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். அதுவரை கடலூரைத் தாண்டிப் போகாதவர். ஜெர்மனியில் ஒரு வழக்கம் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கற்பனை செய்து சொல்வதாக இருந்தால், வெள்ளைக்காரர் கட்டிப்பிடித்துக் கொடுத்தார் என்று சொல்லியிருப்பார். அதை எல்லோரும் நம்பியிருப்பார்கள். யாரும் நம்ப முடியாத ஒன்றை, நடந்தது அதுதான் என்பதற்காக, கேட்டில் நின்று சொல்லியிருக்கிறார். சிரித்த பிறகும் மாற்றிச் சொல்லவில்லை.

கத்தி யார் செய்தது என்று கண்டுபிடித்தார் ஃபோர்மேன். யார் கொடுத்தது, எப்படிக் கொடுத்தது என்பதை அந்தம்மாவின் தையல் மெஷின் டிராயர் சொல்லிவிட்டது. கத்தி எனக்கு வேண்டும், மாற்றாக எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று முந்தைய வாரம் சாடைமாடையாகக் கேட்டிருந்த ஃபோர்மேன், அன்று அதைத் துணியால் துடைத்து, எண்ணெய் போட்டு, மடக்கி என் கையில் வைத்தார்.

மறுநாள் காவல்காரப் பெரியவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை போடத்தான் போனேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பீடி அணைந்துபோனதுகூடத் தெரியாமல் விரலில் பிடித்துக்கொண்டிருந்தார்.

“கேட்டாண்ட மொதல்ல சிரிச்சது நாந்தான்டா” என்றார் கடைசியில். “நான் சிரிச்சதும் உங்கப்பன் என்னத்தான் திரும்பிப் பாத்தான்.”

அதற்குமேல் அவரிடம் என்ன சண்டை போடுவது? அவரும் கலாசிதான். மறுநாள் வேலை வேண்டும் என்று சிரித்திருப்பார். அதன் பிறகும் அவர் என்னைக் கத்திக்காரன் மவன் என்றுதான் கூப்பிட்டார். இளவட்டங்கள் யாராவது சிரித்தால் மட்டும், சும்மா இருங்கடா என்று அதட்டினார். பாய்லர் பழுதுபார்க்கும் வேலை முடிகிறவரை அங்கேயே இருந்தேன். பிறகு வழக்கம்போலக் கிளம்பிவிட்டேன்.

அப்பா இப்போது இருந்தால் எண்பதை நெருங்கியிருப்பார். இல்லாமலும் போயிருக்கலாம். இப்போதும் ஏதாவது ஊரில் டீக்கடை பெஞ்சில் வயதானவர்களைக் கண்டால் முகத்தைப் பார்த்துவிடுகிறேன். முன்பெல்லாம் அப்பா எதிரில் வந்துவிட்டால் என்ன கேட்பது என்று தெரியாமல் பயமாகக்கூட இருக்கும். இப்போது கேட்பதற்கு ஒன்றுமில்லை, சொல்வதற்குத்தான் இருக்கிறது. அவருக்கே அந்தக் காரணம் தெரியாது. இவ்வளவு சிநேகமாக இருந்த மனிதன் கடைசியில் நம்மிடமே சில்லறை கேட்டானே என்று உள்ளுக்குள் எவ்வளவு குன்றியிருப்பாரோ. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “உங்க சிநேகம் அறுந்துடக் கூடாதுன்னுதாம்பா அவரு அந்தக் காச கேட்டாரு” என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட முடியாதா என்ற ஏக்கம்தான், இன்றுவரை என்னை ஊர் ஊராக நடக்க வைத்துக்கொண்டிருக்கிறது.